புகார்ப் பெட்டி காலியாக இருந்தால் பள்ளி பத்திரமா?

2024 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20 ஆம் தேதியை மத்திய ரயில்வேப் பயணிகள் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். பத்லாபூர் நிலையத்தில் காலையில் தண்டவாளத்தில் இறங்கிய மக்கள் மாலை வரை அகலவில்லை. புறநகர் வண்டிகள் நின்றன. தொலைதூர வண்டிகள் வேறு மார்க்கத்தில் திருப்பி விடப்பட்டன. வண்டி தாமதமானால் பயணிகளின் கோபம் முதலில் எங்களைப் போன்ற ரயில்வே எழுத்தர்கள் மீதுதான் பாயும். ஆனால் அன்று கவுண்டருக்கு வந்தவர்களில் பலர் டிக்கெட் பணத்தைக் கூடத் திருப்பிக் கேட்கவில்லை. "நம் வீட்டுக் குழந்தையாக இருந்தால்?" என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

அவ்வூர்ப் பள்ளி ஒன்றின் மழலையர் வகுப்பில் படித்த இரண்டு சிறுமிகளிடம், ஒப்பந்த முறையில் வேலைக்கு வந்த துப்புரவுப் பணியாளர் ஒருவர் பாலியல் கொடுமை புரிந்தார் என்பது குற்றச்சாட்டு. பெற்றோர் ஆகஸ்ட் 16 ஆம் தேதி போலீசுக்குச் சென்றார்கள். புகாரைப் பதிவு செய்வதற்கே பல மணி நேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று. பின்னர் மூன்று போலீஸ் அதிகாரிகள் தற்காலிகப் பணி நீக்கம் செய்யப்பட்டனர். பம்பாய் உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. தகவல் தெரிவிக்கத் தவறியதற்காகப் பள்ளி நிர்வாகத்தினர் மீதும் வழக்குப் பதிவாயிற்று. குற்றம் சாட்டப்பட்டவர் செப்டம்பர் 23 ஆம் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்.

அந்தச் செய்தி வந்த சில வாரங்களுக்குப் பின், தாராவியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்தி சேகரிக்கப் போயிருந்தபோது ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "அண்ணாச்சி, பிள்ளை படிக்கிற ஸ்கூல்ல கேமரா வச்சிட்டாங்க, பெட்டியும் மாட்டிட்டாங்க. இனி பயம் இல்லல்லா?"

அவருக்கு உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

உத்தரவுகளுக்குப் பஞ்சமில்லை

பத்லாபூர் கிளர்ச்சிக்கு மறுநாளே மகாராஷ்டிர அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. ஒரு மாதத்துக்குள் பள்ளிகளில் கண்காணிப்புக் கேமரா பொருத்த வேண்டும். புகார்ப் பெட்டி வைக்க வேண்டும். ஊழியர்களின் பின்னணியைச் சரிபார்க்க வேண்டும். 'சகி சாவித்ரி' குழு அமைக்க வேண்டும் என்றெல்லாம் அது கூறியது. இந்தக் குழுக்கள் அமைக்க வேண்டும் என்ற ஆணை 2022 மார்ச்சிலேயே வந்துவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டரை ஆண்டுகளுக்குப் பின் அதே கட்டளையை மறுபடியும் இட வேண்டி வந்ததே நிலைமையைச் சொல்லும்.

சட்டத்திலும் குறைவில்லை. 2012 நவம்பர் 14 முதல் அமுலில் உள்ள போக்சோ சட்டத்தின்படி, குழந்தை மீதான பாலியல் குற்றத்தை அறிந்த எவரும் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தவறினால் 6 மாதம் வரை சிறை அல்லது அபராதம். இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம். தம் கீழ் உள்ள ஊழியர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.

ஆணையும் சட்டமும் இருக்கின்றன. இவற்றால் நம் பெண் குழந்தைகளுக்கு வரும் ஆபத்து குறைந்திருக்கிறதா என்பதை எதை வைத்துக் கணக்கிடுவது? இன்று நம்மிடம் உள்ள கணக்கெல்லாம் எத்தனை கேமரா, எத்தனை குழு, எத்தனை சொற்பொழிவு என்பதுதான். இது செலவுக் கணக்கு. இதை வைத்துப் பலனைச் சொல்ல முடியாது.

கேமராவையே எடுத்துக்கொள்வோம். பத்லாபூர் பள்ளியில் கேமரா இல்லாமல் இல்லை. 15 நாள் பதிவுகளைக் காணவில்லை என்று அப்போதைய பள்ளிக் கல்வி அமைச்சர் தீபக் கேசர்க்கரே கூறினார். கேமரா கழிப்பறைக்குள் பார்க்காது, பார்க்கவும் கூடாது. அது பதிவதைத் தினமும் பார்க்க ஓர் ஆளும், பார்த்ததைச் சொல்ல அவருக்குத் துணிவும் வேண்டும்.

வெற்றுப் புத்தகம்

கவுண்டரில் வேலை பார்ப்பவர் எவருக்கும் ஓர் உண்மை தெரியும். புகார்ப் புத்தகம் மேஜை மீது பேனாவுடன் இருந்தால் பக்கங்கள் நிரம்பும். பீரோவில் பூட்டி வைத்து, கேட்பவரை நாலு கேள்வி கேட்டால் வருஷம் முழுவதும் புத்தகம் வெறுமையாகவே இருக்கும். சோதனைக்கு வரும் அதிகாரி வெற்றுப் புத்தகத்தைப் பார்த்து "இங்கு குறையே இல்லை" என்று எழுதிவிட்டுப் போனால் அவர் ஏமாந்தவர்.

பள்ளிகள் விஷயத்தில் இந்த ஏமாற்றத்துக்குக் குழந்தைகள் விலை கொடுக்கிறார்கள். மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007 இல் வெளியிட்ட ஆய்வில், 13 மாநிலங்களைச் சேர்ந்த 12,447 குழந்தைகளிடம் கேட்டறிந்தார்கள். ஏதேனும் ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகக் கூறியவர்கள் 53.22 சதவீதம். இதில் ஆண் குழந்தைகளும் அடங்குவர். பெரும்பாலோர் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல அஞ்சியதற்குக் காரணமும் உண்டு: கொடுமை செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள்.

ஆகவே ஒரு பள்ளியில் நல்ல திட்டம் ஒன்று தொடங்கினால் முதலாண்டில் புகார்கள் குறையாமல் கூடுவதே இயற்கை. அதுவரை வாய் மூடியிருந்த குழந்தைகள் பேசத் தொடங்கியதால் வரும் கூடுதல் அது. இதை அறியாத மேலதிகாரி, புகார் வந்த பள்ளிக்குக் கெட்ட பெயரும் புகார் வராத பள்ளிக்குப் பாராட்டும் வழங்கினால் என்ன ஆகும்? அடுத்த ஆண்டு எந்தத் தலைமை ஆசிரியரும் புகாரை வெளியே விட மாட்டார். பாதுகாப்புத் திட்டமே மௌனத்துக்குப் பரிசளிக்கும் திட்டமாகிவிடும்.

ஆராய்ந்தவர்கள் கண்டது

முறையாக மதிப்பிட்டவர்களும் இருக்கிறார்கள். நம் மும்பையிலேயே 2008 வாக்கில் 'ஜெம்ஸ்' என்ற திட்டம் 6, 7 ஆம் வகுப்புகளில் நடத்தப்பட்டது. டாடா சமூக அறிவியல் கழகம் இதில் பங்கு கொண்டது. 45 பள்ளிகளை மூன்றாகப் பிரித்து, 15 பள்ளிகளில் வகுப்புப் பாடமும் பிரசாரமும், 15 பள்ளிகளில் பிரசாரம் மட்டும், மீதி 15 பள்ளிகளில் எதுவும் இல்லாமல் வைத்து ஒப்பிட்டார்கள். பையனும் பெண்ணும் சமம் என்ற எண்ணம் திட்டம் நடந்த பள்ளிகளில் வளர்ந்தது. வகுப்புப் பாடம் சேர்ந்த பள்ளிகளில் அது கூடுதலாக இருந்தது. ஆனால் மாணவர்களின் வன்முறை நடத்தை பற்றிய விடைகள் அவ்வளவு தெளிவாக வரவில்லை. எண்ணம் மாறுவதும் கை அடங்குவதும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை என்று தெரிகிறது.

ஹரியானாவில் 314 அரசுப் பள்ளிகளில் சுமார் 14,000 மாணவ மாணவியரை வைத்து மற்றொரு பெரிய ஆய்வு நடந்தது. இரண்டரை ஆண்டுகள் 45 நிமிட வகுப்புகளாகப் பாடம் நடத்தினார்கள். பெண்களைத் தாழ்வாக எண்ணும் போக்கு கணிசமாகக் குறைந்தது. பாடம் முடிந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த மாற்றம் நிலைத்தது. பையன்கள் வீட்டு வேலையில் கை கொடுத்ததாகச் சொன்னார்கள். ஆய்வாளர்கள் இங்கே ஒரு நல்ல காரியம் செய்தார்கள். வாத்தியார் மனம் குளிரப் பதில் சொல்லும் பழக்கமுள்ள பிள்ளைகள் யார் என்று அறியத் தனிக் கேள்விகள் வைத்துச் சோதித்தார்கள். நம் ஊர் மதிப்பீட்டுப் படிவங்கள் பலவற்றில் இந்தச் சந்தேகமே எழுவதில்லை.

'நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்' வகைப் பாடங்களைப் பற்றி 24 ஆய்வுகளைத் திரட்டி 2015 இல் ஒரு பரிசீலனை வெளியாயிற்று. அதில் அடங்கியவர்கள் 5,802 பேர். பாடம் கேட்ட பிள்ளைகளுக்கு விவரம் தெரிந்தது; அதனால் அவர்கள் பயந்துபோனதாகத் தெரியவில்லை. பாடம் கேட்காத பிள்ளைகளில் ஆயிரத்துக்கு 4 பேர் தமக்கு நேர்ந்ததை வெளியே சொன்னார்கள் என்றால், கேட்டவர்களில் 14 பேர் சொன்னார்கள். இந்த எண்ணை உறுதியானதென்று ஆய்வாளர்களே கூறவில்லை. ஆயினும் பாடம் குழந்தையின் வாயைத் திறக்கிறது என்ற திசை தெரிகிறது. கொடுமையே குறைந்ததா என்பதை அந்த ஆய்வுகள் அளக்கவில்லை. அவற்றில் இந்தியப் பள்ளி ஒன்றும் இல்லை.

ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பாதுகாப்பின் பாரம் முழுவதையும் நாலு வயதுக் குழந்தையின் தலையில் ஏற்றுவது நியாயமல்ல. "கெட்ட தொடுதல் என்றால் கத்து" என்று சொல்லிக் கொடுக்கலாம். கத்தியதைக் கேட்ட பெரியவர் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுத்தோமா? பையன்களுக்குப் பாடம் நடத்துவதன் அவசியத்தைப் பத்லாபூர் வழக்கில் உயர் நீதிமன்றமும் எடுத்துரைத்தது.

கேட்பவரின் கடமை

மதிப்பீடு செய்கிறோம் என்று குழந்தைகளிடம் கேள்விகள் கேட்பதற்கும் ஒரு தர்மம் உண்டு. ஆப்பிரிக்காவில் உகாண்டாவின் 42 ஆரம்பப் பள்ளிகளில் வன்முறைத் தடுப்புத் திட்டம் ஒன்றை மதிப்பிட்டார்கள். ஆசிரியர்கள் அடிப்பது வெகுவாகக் குறைந்தது என்பது முடிவு. அந்தக் கேள்விகளுக்குக் குழந்தைகள் சொன்ன பதில்களின் பேரில், 434 பேரைப் பாதுகாப்பு அமைப்புகளிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. கேட்டால் குழந்தை சொல்லும். சொன்ன பிறகு படிவத்தை மடித்து வைத்துக்கொண்டு போய்விட முடியாது. உதவிக்கு ஆள் தயாராக இல்லாத இடத்தில் கணக்கெடுப்பு நடத்துவது தவறு.

நம் மக்களின் தனிச் சிரமம்

மும்பைத் தமிழர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மாநகராட்சி தமிழ் உள்பட எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. ஆனாலும் நம் குழந்தைகளில் பலர் மராத்தி, இந்தி, ஆங்கிலப் பள்ளிகளில் படிக்கிறார்கள். குழந்தை வீட்டில் பேசுவது ஒரு மொழி, பள்ளியில் பேசுவது வேறு மொழி. உடலைப் பற்றிய சொல்லை அது எந்த மொழியில் சொல்லும்? தாய்க்குப் போலீஸ் நிலையத்தில் மராத்தி பேச வராது. "யாராவது படித்தவர் வரட்டும்" என்று காத்திருப்பதிலேயே ஒரு நாள் போய்விடும்.

இதற்குச் சட்டம் வழி வைத்திருக்கிறது. போக்சோ சட்டத்தின் 19 ஆவது பிரிவுப்படி, பதிவு செய்யும் மொழி குழந்தைக்குப் புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும். 24 ஆவது பிரிவுப்படி குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ விருப்பமான இடத்திலோ, கூடுமானவரை பெண் சப்-இன்ஸ்பெக்டர் பதிவு செய்ய வேண்டும். சீருடையில் வரக் கூடாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்கலாம். நம் தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழா மேடையில் பத்து நிமிடம் ஒதுக்கி இதைச் சொன்னால் பெரும் புண்ணியம்.

பெற்றோர் கேட்க வேண்டியவை

என் அபிப்பிராயத்தில் ஒரு பள்ளியின் திட்டத்தை மூன்று கணக்குகளால் மதிப்பிடலாம். முதலாவது, வகுப்பிலுள்ள குழந்தைகளில் எத்தனை பேரால், தமக்கு ஒன்று நேர்ந்தால் சொல்லக்கூடிய இரண்டு பெரியவர்களின் பெயரைச் சொல்ல முடியும்? இரண்டாவது, குழந்தை சொன்ன நேரத்துக்கும் போலீசுக்குத் தகவல் போன நேரத்துக்கும் இடையே எத்தனை மணி கழிந்தது? மூன்றாவது, புகார் சொன்ன பெண் ஓராண்டுக்குப் பின் அதே பள்ளியில் படிக்கிறாளா? அவள் படிப்பை நிறுத்தி வீட்டில் இருக்க, புகாருக்கு ஆளானவர் வேலையில் நீடித்தால், எத்தனை கேமரா இருந்தாலும் அந்தத் திட்டம் தோற்றதுதான்.

இவற்றைத் திட்டத்துக்கு முன்பும் பின்பும், திட்டம் இல்லாத பள்ளிகளோடு ஒப்பிட்டும், பள்ளி நிர்வாகத்தைச் சாராத வெளியார் அளக்க வேண்டும். முடிவைப் பெற்றோர் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். இதற்குக் கேமரா வாங்கும் அளவுக்குப் பணம் தேவையில்லை.

தாராவியில் என்னைக் கேட்ட அந்தத் தாய்க்கு இப்போது பதில் சொல்ல முடிகிறது. கேமரா இருப்பது நல்லதுதான், தங்கச்சி. ஆனால் அடுத்த முறை பள்ளிக்குப் போகும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: அந்தப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது? கடைசியாக அதை எப்போது திறந்தார்கள்? அன்று இரவு மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, "உனக்கு ஏதாவது ஆனால் யாரிடம் சொல்லுவாய்?" என்று கேளுங்கள். அவள் உங்கள் பெயரைத் தவிர இன்னொரு பெயரும் சொன்னால், பள்ளி தன் வேலையைத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.