இரும்புக் கையும் இரவல் கையும்

வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டியிருந்ததால் பரணைக் காலி செய்யும்படி சென்ற மாதம் என் மனையாள் உத்தரவு பிறப்பித்தாள். ஏறினேன். ஓட்டைக் குடம் ஒன்றுக்குள் சுருட்டிச் செருகியிருந்த நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் கையில் அகப்பட்டது. அட்டையில் "மர்மக் கை: முழுநீளச் சித்திரக் கதை. விலை 1 ரூபாய்" என்று கொட்டை எழுத்தில் கண்டிருந்தது. அதற்குக் கீழே, "கதையும் சித்திரமும்" என்று போட்டு என் பெயர். வருஷம் 1992, எனக்கு அப்போது பிராயம் பன்னிரண்டு.

அந்தக் கை யாருடையது என்பதை என் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்ற நேயர்களுக்காகச் சொல்கிறேன். பிரிட்டனில் 'வேலியண்ட்' என்ற சிறுவர் வாராந்தரியில் 1962-ல் ஆரம்பமான தொடர் அது. கதாநாயகன் லூயி கிராண்டலுக்கு வலது கை போய்விட்டது; பதிலுக்கு எஃகினால் ஆன கை. மின்சாரம் தாக்கினால் அவன் உடம்பு முழுவதும் மறைந்துவிடும். எஃகுக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். இதையே 1972-ல் சிவகாசி முத்து காமிக்ஸ் தன்னுடைய முதல் இதழாக, 'இரும்புக்கை மாயாவி' என்ற பெயரில் தமிழில் கொண்டுவந்தது. எங்கள் கைக்கு வந்ததோ இருபது வருஷம் கழித்து, பழைய புத்தகக் கடையில், கடைசிப் பக்கங்கள் கிழிந்துபோன பிரதி. முடிவு தெரியாத வேதனையில்தான் நாங்களே முடிவு எழுதப் புகுந்தோம். எங்களை ஆசிரியர்களாக்கிய புண்ணியம் அந்தப் பக்கங்களைக் கிழித்தவரைச் சேரும்.

சித்திரம் போடத் தெரியாத பையனுக்கு மாயாவியைப் போல உபகாரமான கதாநாயகன் வேறு இல்லை. மூக்கு சரியாக வரவில்லையா? மின்சாரம் பாய்ச்சிவிடு! ஆள் மறைந்து போவான். நோட்டின் முதல் ஒன்பது பக்கங்களில் என் கதாநாயகன் ஓயாமல் மின்சாரக் கம்பியைத் தொட்டுக்கொண்டே இருப்பதன் ரகசியம் இதுதான். ஆனால் மனித உடம்பில் வரைவதற்கு மிகக் கடினமான அங்கம் கைதான் என்பது எனக்குத் தெரியாது. என் எஃகுக் கை மொந்தன் வாழைச் சீப்பாகவே ஒவ்வொரு கட்டத்திலும் தொங்குகிறது. மூலப் படங்களைத் தீட்டிய ஹெஸூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின் தேசத்துச் சித்திரக்காரர் பாதி முகத்தை இருளில் ஆழ்த்திவிட்டு, மீதிப் பாதியிலேயே பயத்தைக் காட்டிவிடுவார். நானும் இருளைக் கொட்டினேன். மை காகிதத்தைத் தின்று இரண்டு இடங்களில் ஓட்டை போட்டிருக்கிறது.

பத்தாவது பக்கத்தைத் திருப்பியதும் திகைத்தேன். கோடு மாறிவிட்டது! பேனா முனையால் நெருக்க நெருக்கமாக இழுத்த மெல்லிய கீற்றுகளிலிருந்து நிழல் எழும்புகிறது. பதினான்காவது பக்கத்தில் ஒரு கை கதவின் தாழ்ப்பாளை நோக்கி நீளுகிறது. இன்று பார்த்தாலும் முதுகு சில்லிடுகிறது. அதை வரைந்தவன் நானல்ல. என் பக்கத்து பெஞ்சுக்காரன்.

நோட்டு என்னுடையது, மை என்னுடையது, ஆகவே பெயரும் என்னுடையது என்று அன்று எனக்குத் தோன்றியது போலும். பள்ளிக்கூடக் கண்காட்சியில் அந்தப் பதினான்காவது பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். பரிசு எனக்குக் கிடைத்தது. கூட்டத்தில் அவனும் கை தட்டினான். நான் வாயைத் திறக்கவில்லை. அந்நாளைய பிரிட்டிஷ் சிறுவர் பத்திரிகைகளிலும் சித்திரக்காரரின் பெயரைப் பெரும்பாலும் அச்சிட மாட்டார்கள். பிளாஸ்கோவின் பெயரே எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. இதை ஒரு சமாதானமாகச் சொல்லிப் பார்த்தேன். மனம் ஒப்பவில்லை.

அவன் பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, பெயர்ப்பலகை எழுதுபவரிடம் வேலைக்குச் சேர்ந்தான். கடைத்தெரு முழுவதும் அவன் எழுத்தாக இருந்த காலம் உண்டு. பிறகு ஃபிளெக்ஸ் பலகை வந்தது. இப்போது லாரிப் பட்டறையில் வண்டிகளுக்கு வர்ணம் பூசுகிறான். ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

மண்ணெண்ணெயில் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகப் புரட்டினான். என் வாழைச் சீப்புகளைக் கண்டு சிரித்தான். பதினான்காவது பக்கத்தில் நின்றான்.

"இது நீ போட்டதுடா" என்றேன்.

"தெரியும், வாத்தியாரே" என்றான். சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "பெருவிரலைப் பார்த்தாயா? வலது கைக்கு இடது கைப் பெருவிரலை வைத்துவிட்டேன். பரிசு கொடுத்தவர்கள்கூடக் கவனிக்கவில்லையே!" என்றான்.

பார்த்தேன். வாஸ்தவந்தான். முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து அப்போதுதான் என் கண்ணுக்கும் தெரிந்தது.

நோட்டு இப்போது அவனிடம் இருக்கிறது. அட்டையில் என் பெயரை அடித்துவிடும்படி சொன்னேன். வேண்டாமாம், பக்கத்திலேயே இடம் இருக்கிறதாம்.