வண்டி கைமாறுகிறது, பெயர் மாறுவதில்லை

பெங்களூருக்குப் பிழைக்க வந்த தமிழர்களில் பலருக்கு, முதன்முதலாகச் சொந்தமாகும் வாகனம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள்தான். பீன்யா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுபவர், ஒயிட்பீல்டில் கட்டட வேலைக்குப் போகும் கொத்தனார், பொம்மனஹள்ளி ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதும் குமாஸ்தா என்று எல்லோருடைய கதையும் ஏறக்குறைய ஒன்றே. ஷோரூம் வண்டி, வரியும் இன்சூரன்சும் சேர்ந்து சாலைக்கு வரும்போது லட்ச ரூபாயை நெருங்குகிறது. ஏழெட்டு ஆண்டு ஓடிய வண்டியோ அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைக்கிறது. போனஸ் பணமும் சீட்டு எடுத்த பணமும் சேர்ந்தால் முடிந்துவிடுகிற காரியம்.

தேவை இல்லாமல் யாரும் வாங்குவதில்லை. மெட்ரோ ரயில் 2023-ல் ஒயிட்பீல்டு வரையிலும், 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரையிலும் வந்துவிட்டது உண்மையே. ஆனால் நிலையத்தில் இறங்கிய பின் தொழிற்சாலை வாசல் வரை நடக்க வேண்டிய தூரம் அப்படியேதான் இருக்கிறது. இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவனுக்கு அந்த நேரத்தில் ரயிலும் இல்லை, பஸ்சும் இல்லை. ஆட்டோக்காரர் கேட்கும் தொகை அரை நாள் கூலி. வண்டி இருந்தால் ஓவர்டைம் பார்க்கலாம்; கொத்தனார் இன்னும் இரண்டு பேட்டை தள்ளிப் போய் நல்ல கூலிக்கு வேலை பிடிக்கலாம். ஆகவே, 'வரவுக்குள் செலவு செய், வண்டி எதற்கு' என்று உபதேசம் செய்வது பொருந்தாது. கவலைக்குரியது வண்டி வாங்கப்படும் முறைதான்.

அந்த முறை எல்லோருக்கும் தெரிந்ததே. அறையில் உடன் தங்கியிருந்தவர் சேலத்துக்கோ திருவண்ணாமலைக்கோ திரும்பிப் போகிறார். வண்டியை விற்றுவிட்டுப் போக நினைக்கிறார். டீக்கடை பெஞ்சில் விலை பேசி முடிகிறது. பணம் ஒரு கையில், சாவி மறு கையில். ஆர்.சி.யும், கையெழுத்து மட்டும் போட்டு மற்றதெல்லாம் காலியாக விட்ட 29, 30 எண் படிவங்களும் ஒரு பிளாஸ்டிக் கவரில் தரப்படுகின்றன. 'பிறகு மாற்றிக்கொள்ளுங்கள் அண்ணே' என்ற வார்த்தையோடு விற்றவர் பஸ் ஏறிவிடுகிறார். அந்தப் 'பிறகு' பெரும்பாலும் வருவதில்லை. ஓராண்டு கழித்து அதே கவர், அதே கையெழுத்துடன் மூன்றாமவர் கைக்குப் போகிறது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவு இதில் தெளிவாகவே இருக்கிறது. ஒரே மாநிலத்துக்குள் விற்பனை என்றால், விற்றவர் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை நம்மவர்களில் பலர் வெறும் அபராதக் கணக்காகவே நினைக்கிறார்கள். விஷயம் அதைவிடப் பெரியது.

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. 2007-ல் ஒருவர் தமது காரை விற்றார். அது மேலும் பல கைகள் மாறியது. பதிவு மட்டும் முதலாமவர் பெயரிலேயே இருந்தது. 2009 மே மாதத்தில் அந்தக் கார் மோதி ஒரு குழந்தை இறந்தது. நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு யார்? பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர், அவரே பொறுப்பு என்று நீதிமன்றம் கூறிவிட்டது. விற்று இரண்டு ஆண்டு ஆனது, வண்டியைக் கண்ணால் பார்க்கவே இல்லை என்ற சமாதானம் எதுவும் எடுபடவில்லை. பாதிக்கப்பட்ட குடும்பம் வண்டி யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று என்று தேடி அலைய முடியாது என்பது நீதிமன்றம் சொன்ன நியாயம். நியாயம்தான். ஆனால் ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவருக்குப் பெங்களூரிலிருந்து சம்மன் வந்தால் அவர் என்ன செய்வார்? இன்சூரன்சும் காலாவதியாகி இருந்துவிட்டால் அந்த நிலமே போய்விடும்.

விற்றவருக்குத்தானே ஆபத்து, நமக்கென்ன என்று வாங்கியவர் இருந்துவிட முடியாது. அவருடைய இழப்பு இன்னும் நேரடியானது. இன்சூரன்ஸ் பாலிசியுடன் சேர்த்துக் கட்டப்படும் தனிநபர் விபத்துக் காப்பீடு 15 லட்சம் ரூபாய். வண்டி ஓட்டும்போது உரிமையாளர் இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் தொகை அது. ஆனால் அதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு: பதிவில் அவர் பெயர் இருக்க வேண்டும், பாலிசியில் அவர் பெயர் இருக்க வேண்டும், செல்லத்தக்க லைசென்ஸ் அவரிடம் இருக்க வேண்டும். பெயர் மாற்றாமல் ஓட்டுகிறவரிடம் முதல் நிபந்தனையே இல்லை. பாலிசியைப் புதுப்பித்து ஆண்டுதோறும் பணம் கட்டிவந்தாலும், பழைய உரிமையாளர் பெயரில் கட்டிய பணம் தம் மனைவி மக்களுக்கு உதவாது என்பது அவருக்குத் தெரிவதில்லை. மற்றவர் பெயரிலுள்ள வண்டியை ஓட்டித் தானாகவே விபத்துக்குள்ளாகி இறந்தவர், அந்த உரிமையாளரின் ஸ்தானத்தில் வைத்துப் பார்க்கப்படுவார். ஆகவே மூன்றாம் நபருக்கான காப்பீட்டில் அவர் குடும்பம் நஷ்ட ஈடு கோர முடியாது என்ற கருத்தை உச்ச நீதிமன்றம் 2009-ல் ஒரு மோட்டார் சைக்கிள் வழக்கிலேயே கூறியிருக்கிறது. ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டு வந்து, ஒற்றை ஆளாகச் சம்பாதித்து அனுப்புகிறவர்கள் இதை ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும்.

மூன்றாம் நபர் காப்பீடு விற்பனையோடு வாங்கியவருக்கு மாறியதாகச் சட்டம் கருதுகிறது. ஆயினும் 14 நாட்களுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிப் பெயரை மாற்றிக்கொள்வதும் அவர் கடமை. ஆர்.சி. மாறியதும் செய்ய வேண்டிய அடுத்த வேலை இதுதான்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. ஆர்.சி.யில் பாங்குக் கடன் குறிப்பு இருந்தால், கடன் தீர்ந்ததற்கான பாங்குக் கடிதமும் 35-ஆம் எண் படிவமும் இல்லாமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. ஹாண்டில் கழுத்தில் பொறித்திருக்கும் சாசி எண்ணும், என்ஜின் எண்ணும் ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். தேய்த்த அடையாளம் இருந்தால் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவதே மேல். பழைய அபராதங்கள் வண்டி எண்ணோடு ஒட்டிக்கொண்டு வரும். 2023 பிப்ரவரியில் கர்நாடகத்தில் போக்குவரத்து அபராதங்களுக்குப் பாதித் தள்ளுபடி அறிவித்தபோது, கட்டுவதற்கு நின்ற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு எத்தனை வண்டிகள் எத்தனை பாக்கியோடு ஓடுகின்றன என்பது விளங்கியிருக்கும். பரிவாகன் இணையதளத்தில் எண்ணைப் போட்டாலே இவற்றில் பெரும்பகுதி தெரிந்துவிடும். பதிவு 15 ஆண்டுக்கே செல்லும் என்பதால், பதினாலாவது ஆண்டில் மலிவாகக் கிடைக்கிற வண்டி உண்மையில் மலிவானதல்ல.

என்ஜினைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து பார்ப்பதே சரி. வாங்குபவர் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள். மீட்டர் இருபதாயிரம் கிலோமீட்டர் காட்டும். கியர் லீவர் ரப்பரும் கால்மிதியும் வழவழவென்று தேய்ந்திருக்கும். இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது, ரப்பர் பொய் சொல்லாது. பழகிய மெக்கானிக் ஒருவருக்கு இருநூறோ முந்நூறோ கொடுத்து அழைத்துப் போவது வீண் செலவு அல்ல. 2023 ஏப்ரல் முதல் பழைய வாகன வியாபாரிகள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற விதி நடப்பில் இருக்கிறது. கடைக்காரரிடம் அதைக் காட்டும்படி கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

இனி ஓட்டக் கற்பது. சைக்கிள் ஓட்டத் தெரிந்தவனுக்கு மோட்டார் சைக்கிள் ஒரு நாளில் வந்துவிடும் என்று சொல்வதுண்டு. நிற்க வைக்கவும் நகர்த்தவும் ஒரு நாளில் வரும். நிறுத்த வருவதற்குத்தான் நாளாகும். சைக்கிள் பழக்கத்தால் முன் பிரேக்கைத் தொட்டாலே குப்புற விழுவோம் என்ற அச்சம் பலருக்கு உண்டு. அதனால் காலால் பின் பிரேக்கை மட்டும் மிதிக்கிறார்கள். சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்குகிறது. பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னால் சாய்வதால், வண்டியை நிறுத்தும் பலத்தில் பெரும்பங்கு முன் சக்கரத்தில்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து, கையைப் பதறாமல் இறுக்கிப் பிடிக்கப் பழக வேண்டும். மணலிலும் மழை ஈரத்திலும் இன்னும் மெதுவாக. 2019 ஏப்ரலிலிருந்து எல்லா இருசக்கர வாகனங்களிலும், வகைக்கேற்ப, ஏ.பி.எஸ். அல்லது இரு பிரேக்கும் இணைந்த அமைப்பு கட்டாயமாயிற்று. அதற்கு முந்திய 100 சி.சி. வண்டிகளில் அந்த உதவி கிடையாது. நம்மவர்கள் வாங்குபவை பெரும்பாலும் அவையே.

கியரிலும் ஒரு சிக்கல். சில வண்டிகளில் நான்கு கியரும் முன்பக்கமாக அழுத்த வேண்டும். சிலவற்றில் முதல் கியர் கீழே, மற்றவை மேலே. பழைய புல்லட்டில் கியரே வலது காலில், பிரேக் இடது காலில். நண்பனுடைய வண்டியில் கற்றுக்கொண்டு, வேறு வகை வண்டியை வாங்கி, அதே மாலை ஓசூர் ரோட்டில் இறங்குகிறவன், அவசரத்தில் பிரேக் என்று நினைத்து எதை மிதிப்பான் என்று சொல்ல முடியாது. எந்த வண்டியை ஓட்டப்போகிறாரோ அதிலேயே, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு காலி மைதானத்தில் கற்பது நல்லது. முதல் இரண்டு வாரம் கிளட்சை மெல்ல விட்டு, ஆக்சிலேட்டர் கொடுக்காமலே வண்டியை நகர்த்திப் பழகினால் போதும். நெரிசலில் கால் ஊன்றாமல் ஊர்ந்து செல்லும் திறமை அதிலிருந்துதான் வருகிறது.

எல்.எல்.ஆர். இல்லாமல் கற்பது பரவலான வழக்கம்; சின்ன விஷயமாகவும் கருதப்படுகிறது. எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். 30 நாள் கழிந்த பின் டெஸ்டுக்குப் போகலாம். முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' எழுத்து, பின்னால் உட்கார லைசென்ஸ் உள்ள ஒருவர் என்பவை விதி. எல்.எல்.ஆர். வைத்திருப்பவரும் காப்பீட்டைப் பொறுத்தவரை லைசென்ஸ் உள்ளவரே என்று 2004-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அதுவும் இல்லாதவர் ஒருவரை இடித்தால், கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குப் பணம் கொடுத்துவிட்டு, அதை உரிமையாளரிடம் வசூலிக்க உரிமை பெறலாம். அந்த உரிமையாளர் யார்? மறுபடியும், பதிவேட்டில் பெயர் உள்ள அந்த ஊர்க்காரர்தான்!

ஹெல்மெட்டைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, எண்களைத் தவிர. 2022-ல் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029. அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து சென்றவர்கள். பெங்களூரில் பின்னால் அமர்பவருக்கும் ஹெல்மெட் 2016 ஜனவரியிலிருந்தே கட்டாயம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத நடைபாதைச் சரக்கு போலீசாரை ஏமாற்றலாம். தார்ச் சாலையை ஏமாற்றாது. கற்ற மூன்றாம் மாதமே தீபாவளிக்கு மனைவியையும் பையையும் ஏற்றிக்கொண்டு சேலத்துக்குப் புறப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். இருநூறு கிலோமீட்டர், நடுவில் தொப்பூர் கணவாய் இறக்கம், பின்னால் பிரேக் சூடான லாரிகள். அந்த ஒரு பயணத்துக்கு பஸ் டிக்கெட் எடுப்பதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

தமிழ்நாட்டு எண் கொண்ட வண்டியை ஊரிலிருந்து கொண்டுவந்து ஓட்டுபவர்களின் தொல்லை தனி வகை. வேற்று மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய எண் வாங்க வேண்டும் என்கிறது சட்டம். அதற்குப் பழைய ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று, இங்கே வண்டியின் வயதுக்கேற்ப ஆயுள் வரி, உள்ளூர் முகவரிச் சான்று எல்லாம் தேவை. அங்கே கட்டிய வரியில் மீதியைத் திரும்பப் பெற வேறொரு விண்ணப்பம். தினக்கூலிக்காரர் இதற்காக ஊருக்கும் இங்குமாக எத்தனை நாள் கூலியை இழப்பது? முப்பதாயிரம் ரூபாய் வண்டிக்கு இவ்வளவு அலைச்சல் என்றால், மனிதர் அப்படியே ஓட்டிவிட்டுப் போவோம் என்றுதான் நினைப்பார். பெயர் மாறாத வண்டிகள் பெருகுவதற்கு மக்களின் அலட்சியம் பாதிக் காரணம். மீதிப் பாதி இதுதான்.

மத்திய அரசு 2021 செப்டம்பரில் 'பாரத்' வரிசை எண்ணைக் கொண்டுவந்தது. மாநிலம் மாறினால் வண்டியின் எண் மாற வேண்டாம் என்ற நல்ல ஏற்பாடு. ஆனால் யாருக்கு? அரசு ஊழியருக்கும், ராணுவத்தாருக்கும், நான்கு மாநிலங்களிலாவது அலுவலகம் உள்ள கம்பெனிகளில் பணிபுரிபவர்களுக்கும். மேஸ்திரியின் பின்னால் ஓசூரிலிருந்து ஒயிட்பீல்டுக்கும், அங்கிருந்து ஐதராபாத்துக்கும் போகிற கொத்தனாரைவிட அதிகமாக மாநிலம் மாறுகிறவர் யார்? அவருக்கு அந்த வரிசையில் இடமில்லை. பதிவு பெற்ற கட்டடத் தொழிலாளருக்கும், தொழிற்சாலை அடையாள அட்டை உள்ளவருக்கும் இதை விரிவுபடுத்துவதில் அரசுக்கு நஷ்டம் எதுவும் வராது. வரி இரண்டிரண்டு ஆண்டாக முறையாக வந்துகொண்டே இருக்கும்.

அது நடக்கும்வரை கர்நாடக அரசு உடனே செய்யக்கூடியவை இரண்டு. வாடகை ஒப்பந்தம் எழுதித் தராத வீட்டுக்காரரிடம் மல்லுக்கட்டுகிறவர்களுக்காக, வேலை தரும் நிறுவனத்தின் கடிதத்தை முகவரிச் சான்றாகத் தாராளமாக ஏற்கலாம். பீன்யா, பொம்மசந்திரா, ஒயிட்பீல்டு ஆகிய பகுதிகளுக்கு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது பெயர் மாற்றத்துக்கும் லைசென்ஸ் டெஸ்டுக்கும் முகாம் நடத்தலாம். விற்றவரும் வாங்கியவரும் ஒரே நாளில் கூலி இழக்காமல் வந்து, கையெழுத்திட்டுப் போக அது வழிசெய்யும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்திய வாரங்களில்தான் ஊர் திரும்புகிறவர்கள் வண்டிகளை விற்கிறார்கள். முதல் முகாமை அப்போதே வைத்துப் பார்க்கலாம்.