மடியில் கனமும் வழியில் பயமும்

தியானப் பகுதி: உபாகமம் 24:10-13, லூக்கா 3:10-14



வீதியில் செல்வோரைப் பொலிஸார் நிறுத்திச் சோதனையிடும் அதிகாரத்தைக் குறித்து இவ்வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். இது அரசியல் காரியம், சபைக்கு இதில் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். ஆனால் ஆராதனை முடிந்து நாம் தேநீரோடு நின்று பேசும் காரியங்களில் இதுவும் ஒன்று. லண்டனில் பிள்ளைகளை வளர்க்கிற நமக்கு இது தூரத்துச் செய்தியல்ல. அப்பேச்சில் அடிக்கடி ஒரு பழமொழி கேட்கிறது: மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை. அது எவ்வளவு தூரம் உண்மை என்று வேத வெளிச்சத்தில் பார்ப்போம்.

இந்நாட்டில் 1984ஆம் ஆண்டின் பொலிஸ் மற்றும் குற்றச் சான்றுகள் சட்டம், நியாயமான சந்தேகம் இருந்தால் ஒருவரைச் சோதனையிட அனுமதிக்கிறது. 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் 60ஆம் பிரிவோ, வன்முறை நிகழக்கூடும் எனக் கருதப்படும் இடத்தில், குறிப்பிட்ட மணிநேரங்களுக்கு, தனிப்பட்ட சந்தேகம் ஏதுமின்றியே சோதனையிட வழிவிடுகிறது.

இந்த அதிகாரம் வேண்டும் என்போரின் பயத்தை நாம் அற்பமாக எண்ணக்கூடாது. மாலையில் பேருந்து நிறுத்தத்திலிருந்து பிள்ளை வீடு வந்து சேரும்வரை ஜன்னலருகே நிற்கிற தாய், எவன் பையிலாவது இருக்கும் கத்தியை யாராவது எடுத்துவிட மாட்டார்களா என்றுதான் ஏங்குவாள். அந்த ஏக்கம் பாவமல்ல. கொலை செய்யப்பட்ட ஆபேலின் இரத்தம் பூமியிலிருந்து கூப்பிட்டதைக் கேட்ட தேவன் அவளுடைய ஜெபத்தையும் கேட்கிறார்.

ஆனால் இன்னொரு தாயும் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரையான ஓராண்டில் 5 இலட்சத்துக்கும் அதிகமான சோதனைகள் நடந்தன. வெள்ளையரில் 1,000 பேருக்கு ஏறக்குறைய 6 சோதனைகள். கறுப்பினத்தவரில் 1,000 பேருக்கு 24க்கு மேல். சோதனைகளில் பாதிக்கு மேற்பட்டவை கத்தியைத் தேடி அல்ல, போதைப்பொருளைத் தேடியே நடந்தன. 10இல் ஏறக்குறைய 7 சோதனைகள் மேல் நடவடிக்கை எதுவுமின்றி முடிந்தன. அப்படியானால் மடியில் கனமில்லாத அநேகர் வழியில் நிறுத்தப்படுகிறார்கள். பலர் பார்க்கச் சுவரோரம் நின்று, பிறகு ஒன்றுமில்லை என்று அனுப்பப்படுகிற பிள்ளை, அந்தத் தலைக்குனிவை வீட்டுக்குக் கொண்டுவருகிறான். அவனுடைய தாயின் கண்ணீரும் கண்ணீர்தான்.

நம்மில் பலர் இதை ஏட்டில் படித்து அறிந்தவர்கள் அல்ல. யுத்த காலத்தில் இலங்கையின் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையைக் கையில் பிடித்து வரிசையில் நின்றவர்கள் நீங்கள். பெயரும் பிறந்த ஊரும் போதும், சந்தேகத்துக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை. அன்று நம் மடியில் கனமில்லை. ஆனாலும் பயம் இருந்தது. அப்படி நின்ற நாமே இன்று இன்னொருவர் பிள்ளையைப் பார்த்து, "அந்தப் பொடியன்கள் அப்படித்தான், சோதிக்கட்டும்" என்று சொல்லலாமா? நம் பிள்ளைக்கு ஒரு எடைக்கல், அயலான் பிள்ளைக்கு வேறொரு எடைக்கல் வைத்திருப்பது கர்த்தருக்கு அருவருப்பு என்று நீதிமொழிகள் 20:10 நமக்குப் போதிக்கிறது.

இப்போது உபாகமம் 24ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கடன் கொடுத்தவனுக்கு அடகு பெறும் உரிமை உண்டு. மோசே அதை மறுக்கவில்லை. ஆனால் அடகை எடுக்கக் கடனாளியின் வீட்டுக்குள் அவன் நுழையக்கூடாது. வெளியே நிற்க வேண்டும். வீட்டுக்காரனே அதை வெளியே கொண்டுவந்து கொடுக்க வேண்டும். உரிமையையும் காத்து, வறியவனின் மானத்தையும் காக்கும்படி தேவன் அந்த வாசலில் ஒரு கோடு வரைந்தார். அதிகாரம் வேண்டுமா, வேண்டாமா என்று மட்டும் நாம் வாதாடுகிறோம். அதிகாரம் உள்ளவன் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதையும் வேதம் கேட்கிறது.

1993ஆம் ஆண்டு தென்கிழக்கு லண்டனில் 18 வயது ஸ்டீபன் லாரன்ஸ் இனவெறியர்களால் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். அவ்வழக்கில் பொலிஸார் நடந்துகொண்ட விதத்தை விசாரித்த மெக்ஃபர்சன் அறிக்கை 1999இல் வெளியானது. காவல்துறையின் அமைப்புக்குள்ளேயே இனப்பாகுபாடு இருப்பதாக அது கண்டது. ஆயினும் சோதனையிடும் அதிகாரத்தை நீக்கும்படி அது கேட்கவில்லை. அதிகாரம் நிலைக்கட்டும், ஆனால் நிறுத்தப்படுகிற ஒவ்வொருவருக்கும் அதன் காரணம் எழுதிய பதிவு கொடுக்கப்பட வேண்டும் என்றே பரிந்துரைத்தது. கத்தியால் உண்டான துயரத்தையும், பாகுபாட்டால் உண்டான துயரத்தையும் ஒரே குடும்பம் சுமந்த வழக்கு அது. அதிலிருந்து பிறந்த இந்த நிதானம் நமக்கும் வேண்டும்.

ரோமர் 13ஐ எடுத்து, கேள்வி கேட்பதே கீழ்ப்படியாமை என்பவர்கள் உண்டு. அதிகாரி தேவனுடைய ஊழியன் என்று பவுல் எழுதியது மெய்தான். ஊழியன் என்றால் தன் எஜமானுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவன் அல்லவா? அதை எழுதிய பவுலே, தம்மை வாரினால் கட்டியபோது, விசாரணையின்றி ஒரு ரோமனை அடிப்பது சட்டப்படி சரியா என்று நூற்றுக்கு அதிபதியிடம் கேட்டார் (அப்போஸ்தலர் 22:25). அவர் கைகலக்கவில்லை, ஓடவுமில்லை, அமைதியாகக் கேட்டார். அந்தக் கேள்வி அவரை விசாரித்தவர்களைப் பின்வாங்கச் செய்தது. மறுபுறம், என்ன செய்ய வேண்டும் என்று கேட்ட போர்ச்சேவகரிடம், வேலையை விட்டுவிடுங்கள் என்று யோவான்ஸ்நானன் சொல்லவில்லை. ஒருவரையும் மிரட்டிப் பறிக்காமலும், பொய்க் குற்றம் சுமத்தாமலும் அதே வேலையைச் செய்யச் சொன்னார். ஆகவே பொலிஸாரை வெறுப்பதும் நமக்குரிய வழியல்ல.

பெற்றோரே, உங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுங்கள். நிறுத்தப்பட்டால் ஓடாமலும் எதிர்க்காமலும் நிற்கச் சொல்லுங்கள். சோதனைக்கான காரணம், தேடும் பொருள், அதிகாரியின் பெயர் அல்லது இலக்கம், பொலிஸ் நிலையம், எந்தச் சட்டத்தின்கீழ் என்பவற்றை மரியாதையோடு கேட்கக் கற்றுக்கொடுங்கள். சோதனைப் பதிவின் பிரதியை 3 மாதங்களுக்குள் கேட்டுப் பெற முடியும். சோதனைகளைப் பரிசீலிக்கும் சமூகக் கண்காணிப்புக் குழுக்கள் உண்டு. நம் சபையிலிருந்து ஒருவராவது அதில் அமர வேண்டும் என்பது என் ஆசை. நம் ஜெபக் குறிப்பில் கத்திக்குப் பிள்ளையை இழந்த தாய்க்கும், காரணமின்றி நிறுத்தப்பட்ட பிள்ளையின் தாய்க்கும், இரவுப் பணியில் வீதியில் நிற்கும் பொலிஸாருக்கும் இடம் இருக்கட்டும்.

ஜெபம்: நீதியுள்ள பிதாவே, எங்கள் பிள்ளைகளைக் கத்திக்கும் அவமானத்துக்கும் விலக்கிக் காத்தருளும். அதிகாரம் பெற்றவர்களுக்கு வாசலில் நிற்கும் தாழ்மையைத் தாரும். நாங்கள் நின்ற வரிசையை மறவாமல், இன்று நிற்கிறவர்களுக்காகப் பேசும் இருதயத்தை எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.