ஒரு குவளை தண்ணீரைக் கூட்டுவோம்



துருக்கியில் நோன்பு துறக்கும் வீடுகளில் பேரீச்சம்பழத்திற்கோ ஒலிவக் காய்க்கோ அடுத்தபடியாகப் பெரும்பாலும் சூப்தான் முன்னே வரும். அவற்றுள் ஒன்று ‘யாய்லா சோர்பா’ எனப்படும் தயிர் சூப். ‘யாய்லா’ என்றால் கோடையில் ஆடுமாடுகளை ஓட்டிச் செல்லும் மலைமேட்டு மேய்ச்சல் நிலம். அந்த எளிய மக்களின் உணவு இது. இதை நம் வீடுகளிலும் சமைக்கலாம் என்பது என் கருத்து. காரணம் சுவை மட்டுமன்று.

முதலில் செய்முறை. கால் கப் அரிசியை ஐந்து கப் தண்ணீரிலோ கறி வேகவைத்த நீரிலோ குழைய வேகவிடுங்கள். புளிக்காத கெட்டித் தயிர் ஒன்றரை கப், ஒரு முட்டையின் மஞ்சள் கரு, ஒரு மேசைக்கரண்டி மாவு ஆகியவற்றைக் கட்டியில்லாமல் அடித்துக்கொள்ளுங்கள். கொதிக்கும் நீரைக் கரண்டி கரண்டியாக இக்கலவையில் ஊற்றிச் சூடேற்றிய பின்னரே பானையில் சேர்க்க வேண்டும். இளந்தீயில் கைவிடாமல் துழாவி, இறுதியில் உப்பிடுங்கள். வெண்ணெயை உருக்கி, உலர்ந்த புதினாவை அதில் பொரித்து மேலே ஊற்றினால் முடிந்தது.

முதல்முறை நான் அவசரப்பட்டுத் தயிரை நேராகக் கொதிநீரில் கொட்டினேன்; திரிந்துபோயிற்று. திடீர்ச் சூட்டைத் தயிர் தாங்காது. மாவும் மஞ்சள் கருவும் மெல்ல ஏறும் சூடும்தான் அதைக் காக்கின்றன.

இனி, சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட பொழுது முழுவதும் எண்ணெய்ச் சட்டியின் முன்னேயே கழிந்துகொண்டிருந்தது. குர்ஆன் ஓதவும் துஆ கேட்கவும் உரிய அந்நேரத்தை வீட்டுப் பெண்கள் இழந்தார்கள். பொரித்தவையோ தலைக்கு இத்தனை என எண்ணிச் செய்யப்பட்டவை. கீழ்வீட்டில் தனித்து வாழும் முதியவர்களுக்குக் கொடுத்தனுப்ப எதுவும் மிஞ்சாது. சூப் வைத்த அன்றுதான், ஒரு குவளை தண்ணீரைக் கூடுதலாக ஊற்றி அவர்களுக்கும் அனுப்பினோம். பல ஆண்டுகள் ஒரே கட்டடத்தில் வாழ்ந்தும் அதுவே முதல்முறை என்பதை வெட்கத்துடன் எழுதுகிறேன்.

குழம்பு சமைத்தால் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனிக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நாம் அறிவோம். உதுமானியர்கள் இதை ஒரு நிறுவனமாகவே வளர்த்தார்கள். சுல்தான் சுலைமானின் துணைவியார் ஹுர்ரம் சுல்தான் 1552-இல் ஜெரூசலத்தில் வக்ஃபாக ஏற்படுத்திய அன்னசாலையில் ஏழைகளுக்கு அன்றாடம் சூப்பும் ரொட்டியும் வழங்கப்பட்டன.

‘பலகாரம் இல்லாமல் நோன்பு துறப்பதா, பிள்ளைகள் ஏங்கமாட்டார்களா?’ எனச் சிலர் கேட்கலாம். பலகாரம் ஹராம் என நான் சொல்லவில்லை. வாரத்தில் சில நாட்களேனும் அடுப்பில் ஒரே பானை இருக்கட்டும். அதைத் துழாவும் பொறுப்பை ஆண்களும் ஏற்கட்டும். நபி (ஸல்) அவர்கள் வீட்டுப் பணிகளில் குடும்பத்தாருக்கு உதவியாக இருந்தார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். சூப்பைக் கீழ்வீட்டுக்கு எடுத்துச் செல்லும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். பலகாரத்தைவிட அது அவர்கள் நினைவில் நீண்ட நாள் நிற்கும், இன்ஷா அல்லாஹ்.