குழுக்கள் ஏன் கலைகின்றன?

எஸ்-5 என்ற பெயர் இப்போது காலேஜில் படிப்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது சந்தேகம்தான். 2000-களின் நடுவில் சென்னையின் எஸ்.எஸ். மியூசிக் சேனல் உருவாக்கிய பாட்டுக்குழு அது. பென்னி தயாள், சுவி சுரேஷ், அர்ஜுன் சசி, பார்கவி பிள்ளை, அனைதா நாயர் என்று ஐந்து பேர். 'இசை' என்று ஒரு ஆல்பம் வந்தது. 'பை தி பீப்பிள்' என்ற மலையாளப் படத்திலும் தலைகாட்டினார்கள். அப்புறம் ஆளுக்கொரு திசை!

இது சென்னைக்கு மட்டும் வந்த கதை இல்லை. 1999-ல் நியூசிலாந்தில் 'பாப்ஸ்டார்ஸ்' என்ற டிவி நிகழ்ச்சி ட்ரூபிளிஸ் குழுவை உருவாக்கியது. அதே நிகழ்ச்சியை 2002-ல் சேனல் வி இந்தியாவுக்குக் கொண்டுவந்து, விவா என்ற ஐந்து பெண்கள் குழுவை அமைத்தது. அடுத்த வருடமே ஆஸ்மா என்று இன்னொரு குழு. மூன்றுமே நிலைக்கவில்லை.

இவர்களுக்குப் பாடத் தெரியாதா? நன்றாகவே தெரியும். பென்னி தயாள் 2007-ல் 'சிவாஜி'யில் பாடினார். விவாவின் நேஹா பாசின் அதே வருடம் 'சத்தம் போடாதே'யில் பாடினார். ஆஸ்மாவின் நீதி மோகன் இந்தியில் முன்னணிப் பாடகி ஆனார். ஆட்கள் நின்றார்கள், குழுக்கள்தான் நிற்கவில்லை. ஏன்?

காமர்ஸ் கண்ணோடு பார்த்தால் விடை எளிது. சேனல் விற்றது பாட்டை இல்லை, தேர்வை. யார் உள்ளே, யார் வெளியே என்ற பரபரப்புக்குத்தான் விளம்பரம் வருகிறது. ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்த அன்றே சரக்கு தீர்ந்துவிட்டது. அடுத்த சீசனுக்குப் புது முகங்கள் வேண்டும். அதாவது, பழைய குழுவுக்கு முதல் போட்டியாளரே அதைப் பெற்ற சேனல்தான்!

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதலில் சேஸிஸ் வரும், அதன்மேல் பாடி, பெயிண்ட் கடைசியில்தான். டிவி குழுக்களுக்கு பெயிண்ட் முதலில் அடிக்கப்படுகிறது. சேஸிஸ் வருவதே இல்லை.

ஜப்பானில் 1997-ல் ஒரு டிவி தேர்வில் தோற்ற ஐந்து பெண்களிடம், ஐந்து நாளில் 50,000 சிடி விற்றுக் காட்டச் சொன்னார்கள். விற்றார்கள். அப்படிப் பிறந்த மார்னிங் முசுமே, அந்த நிகழ்ச்சி 2002-ல் முடிந்த பிறகும் இன்றுவரை இருக்கிறது. பழையவர்கள் விலக, புதியவர்கள் சேர்ந்தார்கள். முக்கியமாக, சுங்கு என்ற தயாரிப்பாளர் வருடக்கணக்கில் அவர்களுக்குப் பாட்டு எழுதிக்கொண்டே இருந்தார். எஸ்-5க்கு அப்படி ஒருவர் இல்லை. சினிமாப் பாட்டைத் தாண்டி இங்கே பெரிய சந்தையும் இல்லை. பென்னி தயாளே பின்னாளில் தானாகத் தேர்ந்த இசைக்கலைஞர்களோடு 'ஃபங்க்சுவேஷன்' என்ற குழுவை அமைத்து மேடை ஏறினார்.

சேலத்திலும் நாமக்கல்லிலும் பாடத் தெரிந்த பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. திருவிழா மேடைகளில் பாடும் ஆர்கெஸ்ட்ராக்களே சாட்சி. டிவி ஆடிஷனுக்குத் தாராளமாகப் போகட்டும். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், பெற்றோரும் பிள்ளையும் மூன்று கேள்வி கேட்க வேண்டும். நிகழ்ச்சி முடிந்த மறுநாள் ஒத்திகைக்கு யார் பணம் தருவார்கள்? அடுத்த பாட்டை யார் எழுதுவார்கள்? குழுவின் பெயர் யாருக்குச் சொந்தம்?

பதில் இல்லை என்றால், பரிசை வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்து சொந்தமாக ஒரு குழு ஆரம்பிப்பதே லாபம்.