119 போதும்

"நூத்திப் பத்தொம்பது தானா? மொக்க மேட்ச் மச்சி." இடைவேளையில் இப்படிச் சொல்லிவிட்டு என் நண்பர்கள் மூன்று பேரும் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். 2024 ஜூன் 9, ஞாயிறு ராத்திரி. பாகூரில் அக்கா வீட்டு டிவி. நியூயார்க்கில் இந்தியா-பாகிஸ்தான் டி20 உலகக்கோப்பை ஆட்டம். இந்தியா 19 ஓவரில் ஆல் அவுட். டிவி முன்னால் மிஞ்சியது நானும் அக்கா பையனும்தான்.

கிளம்பிப் போனவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

அக்கா பையனுக்கு வயது 13. நன்றாகப் பந்து போடுவான். அந்த ஏப்ரலில் பெங்களூரில் ஹைதராபாத் அணி 287 அடித்தது, பெங்களூர் பதிலுக்கு 262 அடித்தது. ஒரே ராத்திரியில் 549 ரன். மறுநாள் அவன் கேட்டான்: "மாமா, நான் பேட்டிங்குக்கு மாறிக்கட்டுமா? பவுலர்னா அடி வாங்கத்தானே?" என்னிடம் பதில் இல்லை. 2018-19இல் புதுச்சேரி ரஞ்சிக்குள் வந்தாச்சு, வில்லியனூர்ப் பக்கம் துத்திப்பட்டில் நல்ல மைதானம் இருக்கு, எல்லாம் சரி. ஆனால் பந்து போட ஆசைப்படும் பையனுக்கு டிவி என்ன கற்றுக்கொடுக்கிறது? நீ சிக்ஸர் அடிக்கிறவனுக்குப் பந்து எடுத்துக் கொடுக்கும் ஆள் என்றுதான்.

ரன் அதிகமானால் ஆட்டம் சுவாரஸ்யம் என்பது ஒரு பொய். 549 ரன்னில் எந்த ஒரு ரன்னுக்கு மதிப்பு? எந்தப் பந்தை நினைவில் வைத்துக்கொள்வாய்? 119இல் அப்படியில்லை. ஏழாவது ஓவரில் கைவிட்ட ஒரு ரன்கூடக் கடைசி ஓவரில் வந்து கணக்குக் கேட்கும்.

அன்றைக்கு அதுதான் நடந்தது. 14 ஓவர் முடிவில் பாகிஸ்தான் 80க்கு 3. 36 பந்தில் 40 வேண்டும், கையில் 7 விக்கெட். யார் பார்த்தாலும் முடிந்த ஆட்டம். பும்ரா வந்தார், முதல் பந்திலேயே ரிஸ்வான் போல்ட். சாய்ந்து கிடந்த பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். 19ஆவது ஓவரில் பும்ரா கொடுத்தது 3 ரன், எடுத்தது இன்னொரு விக்கெட். கடைசி ஓவரில் 18 தேவை. அர்ஷ்தீப்பின் முதல் பந்திலேயே இமாத் அவுட். 6 ரன்னில் இந்தியா ஜெயித்தது. பும்ரா 4 ஓவரில் 14 ரன், 3 விக்கெட்.

"பிட்ச் மோசம்" என்பார்கள். பாதி உண்மை. புளோரிடாவில் தயார் செய்து கொண்டுவந்து பதித்த அந்த ஆடுகளத்தில் பந்து சீராக எழும்பவில்லை. நாலு நாள் முன்பு அங்கேதான் ரோஹித் கையில் அடி வாங்கி வெளியேறினார். உடம்புக்கு ஆபத்தான பிட்சை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் பேட்ஸ்மேன் யோசித்து ஆட வேண்டிய பிட்ச் எல்லாமே மோசம் என்றால், அதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆட்டம் நடந்ததே பேஸ்பால் நாட்டில். 1991 உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தில் ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தும் 0-0. பத்தாவதில்தான் மின்னசோட்டா 1-0 என்று ஜெயித்தது. பத்து இன்னிங்ஸும் பந்து எறிந்தது ஜாக் மோரிஸ் என்ற ஒரே ஆள். ஒரே ஒரு ரன் வந்த அந்த ஆட்டத்தை அங்கே இன்னும் கொண்டாடுகிறார்கள்.

நமக்கும் இது புதுசில்லை. அறுப்பு முடிந்த பாகூர் வயலில் ஆடி வளர்ந்தவர்கள்தானே நாம்? பந்து எழும்பாது. பயிர் நிற்கிற பக்கத்து வயலில் அடித்தால் அவுட். ஆறு ஓவரில் 30 அடித்தால் பெரிய ஸ்கோர். அப்போது யாரும் மொக்க மேட்ச் என்று எழுந்து போனதில்லை. சுருக்கமாக எழுதப்பட்ட கதையைக் கொண்டாடத் தெரிந்த நாம், சுருக்கமான ஸ்கோரைப் பார்த்ததும் ஏன் பைக்கை எடுக்கிறோம்?

நள்ளிரவு தாண்டி டிவியை அணைத்தேன். பையன் தூங்கவில்லை. "அந்த ரிஸ்வான் பால் எங்க பிட்ச் ஆச்சு மாமா?" என்றான். பேட்டிங்குக்கு மாறுவது பற்றி அன்றைக்கு அவன் பேசவில்லை. அடுத்த ஏப்ரலில் மறுபடி கேட்பான், எனக்குத் தெரியும்.