ஏட்டிற்கு மரியாதை, பெண்ணுக்குத் தடையா?

அநேகமாய் ஒவ்வொரு மதத்திற்கும் ஒரு புத்தகமும், அப்புத்தகத்தைத் தொடுவதற்கும் தூக்குவதற்கும் பல நிபந்தனைகளும் இருந்து வருகின்றன. இந்த நிபந்தனைகளை வெகு நுணுக்கமாய் வகுத்து வைத்திருப்பவர்களில் யூதர்களும் ஒருவராவர். அவற்றை நமது வாசகர்கள் தெரிந்துகொள்வது நலமென்று கருதியே இதை எழுதுகின்றோம்.

யூதர்களைப் பரிகசிப்பது நமது நோக்கமல்ல. 1242ல் பாரிசில் தால்மூத் ஏடுகளை வண்டி வண்டியாய்க் கொளுத்தியவர்களும், 1938 நவம்பரில் ஜெர்மனியில் யூத ஜெபாலயங்களுக்குத் தீ வைத்து, பிறகு சுமார் 60 லட்சம் யூத மக்களையே கொன்று தீர்த்தவர்களும் பகுத்தறிவுக்காக அக்காரியங்களைச் செய்யவில்லை. அந்தக் கூட்டத்தோடு நமக்கு எவ்விதச் சம்பந்தமுமில்லை. புத்தகத்திற்குக் காட்டப்படும் மரியாதை மனிதருக்கு எவ்வளவு தூரம் பயன்படுகின்றது என்பதுதான் நமது கேள்வி.

யூதர்களுடைய தலையான ஏடு தோரா என்பது. மோசேயின் பெயரால் வழங்கும் ஐந்து ஆகமங்களே அது. ஜெபாலயத்தில் வாசிக்கும் தோரா, தோல் சுருளில் கையால் எழுதப்பட்டிருக்க வேண்டும். அதிலுள்ள 3,04,805 எழுத்துக்களில் ஒன்று குறைந்தாலும், திருத்துகிற வரையில் அச்சுருள் வாசிப்புக்கு உதவாது. ஜோசப் காரோ என்பவர் தொகுத்து 1565ல் வெனிஸ் நகரில் அச்சான சட்ட நூல் முதலியவை சொல்லுவதாவது: சுருளைக் கொண்டு வரும்போது எழுந்து நிற்க வேண்டும், சுருள் இருக்கும் ஆசனத்தில் தானும் உட்காரக் கூடாது, வெறுங்கையால் அதன் தோலைத் தொடக் கூடாது, வேத புத்தகங்களை வீசி எறியக் கூடாது, தோராவின் மேல் வேறு ஏட்டை வைக்கக் கூடாது. ஜெபப் புத்தகம் கீழே விழுந்தால் எடுத்து முத்தமிடுவார்கள். தோராச் சுருளே விழுந்துவிட்டால் கண்டவர்கள் உபவாசம் இருப்பது வழக்கம். சுருள் பழசாய்ப் போனால் அதை மண்பாண்டத்திலிட்டு, கற்றறிந்தவர் ஒருவருடைய சமாதிக்குப் பக்கத்தில் புதைக்க வேண்டுமாம்.

கடவுளின் பெயரை எழுதிய ஏட்டை அழிக்கக் கூடாதென்பதே இதற்குக் காரணம். அப்படிப் புதைக்க வேண்டிய ஏடுகளைப் போட்டு வைக்கும் அறைக்குக் கெனிசா என்று பெயர். கெய்ரோ நகரிலுள்ள பென் எஸ்ரா ஜெபாலயத்தின் கெனிசாவில் பல நூற்றாண்டுகளாய்க் குவிந்து கிடந்தவற்றை 1896-97ல் சாலமோன் ஷெக்டர் என்னும் பேராசிரியர் ஆராய்ந்து, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைக்குக் கொண்டு போனார். அங்கே இன்று சுமார் 1,93,000 துண்டுகள் இருக்கின்றன. வேத ஏடுகளோடு குழந்தைகளின் பாடப் புத்தகம், கலியாணப் பத்திரம், கடைக்கணக்கு, வியாபாரிகளின் கடிதம் எல்லாம் அக்குவியலில் கிடைத்தன. 1132ல் மங்களூரில் ஒரு யூத வர்த்தகர் தன் அடிமைப் பெண்ணுக்கு எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரமும் கெனிசா ஏடுகளில் ஒன்றேயாகும். இவ்வழியில் அந்த வழக்கம் சரித்திரத்திற்குப் பெரிய உபகாரம் செய்திருக்கின்றது. ஆனால் எப்பொழுது? ஒருவர் அறையைத் திறந்து, தூசியைத் தட்டி, படித்துப் பார்த்த பிறகுதானே?

நிற்க, மற்றொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தோராச் சுருளை விற்கக் கூடாதென்ற தால்மூத், படிப்புக்காகவும் கலியாணத்திற்காகவும் விற்கலாமென்று இடம் கொடுக்கின்றது. உயிரைக் காப்பாற்ற ஓய்வு நாள் கட்டளையை மீறியே ஆக வேண்டும் என்பதும் யூதச் சட்டமே. சுருளைக் கண்டால் எழுந்து நிற்கின்றவர்கள், அறிவாளியான மனிதனைக் கண்டு எழாமலிருப்பது மடத்தனமென்று ராவா என்ற பாபிலோனிய ஆசிரியர் கண்டித்திருக்கிறார். ஏட்டை விட மனிதன் பெரியவன் என்பது அவர்களுக்கே தெரிந்திருக்கின்றது என்றுதானே இதற்கு அர்த்தம்?

அப்படியானால் அந்த மனிதரில் பெண் சேர்ந்தவளா, இல்லையா? மகளுக்குத் தோரா கற்பிக்கிறவன் அவளுக்குக் கெட்ட நடத்தையைக் கற்பிக்கிறவனாவான் என்று ரபி எலியேசர் சொன்னார். மகளுக்குக் கற்பிப்பது தகப்பனுடைய கடமை என்று பென் அசாய் அதே இடத்திலேயே சொல்லியிருக்கிறார். வெகுகாலம் செல்வாக்குப் பெற்றது எலியேசரின் வாக்குத்தான். சபையில் வாசிக்க அழைக்கப்படும் ஏழு பேரில் பெண்ணும் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்ட தால்மூத், சபையின் கௌரவத்தை முன்னிட்டு அவள் வாசிக்கக் கூடாதென்று உடனே தடுத்துவிட்டது. ஒரு பெண் படித்தால் குறைந்து போகும்படியான கௌரவம் எப்பேர்ப்பட்ட கௌரவம் என்று கேட்கின்றோம்.

இது பழங்கதையுமல்ல. எருசலேமில் மேற்குச் சுவரண்டை பெண்களும் தோரா வாசிக்க வேண்டுமென்று 1988 முதல் ஒரு பெண்கள் கூட்டம் போராடி வருகின்றது. அதன் தலைவி அனத் ஹாஃப்மன், தோராச் சுருளைக் கையில் ஏந்திச் சென்றதற்காக 2010ல் போலீசாரால் கைது செய்யப்பட்டார். சுருள் விழுந்தால் பட்டினி கிடக்கச் சொல்லும் மதத்தின் பெயரால், அதை விழாமல் அணைத்துப் போன பெண்ணுக்குக் கைது! சுவரண்டை தங்கள் முறைப்படி தொழுத அப்பெண்கள் சட்டத்தை மீறவில்லை என்று 2013ல் அங்குள்ள நீதிமன்றமே சொல்லிற்று. சீர்திருத்த யூத சபைகளில் இன்று பெண்கள் தாராளமாய்த் தோரா வாசிக்கிறார்கள், ரபிகளாகவும் இருக்கிறார்கள். அதனால் சுருளின் ஓர் எழுத்தாவது அழிந்து போய்விட்டதா?

வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்ன தர்ம சாஸ்திரத்தை உடைய நாட்டில் பிறந்த நமக்கு, இந்த மரியாதையின் அந்தரங்கத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆதலால் தோழர்களே, ஒரு புத்தகம் புனிதமானது என்று யாராவது உங்களிடம் சொல்ல வந்தால், அதை யார் யார் படிக்கக் கூடாதென்று வைத்திருக்கிறீர்கள் என்று முதலில் கேளுங்கள். உங்கள் வீட்டுப் பெண்களிடம் எல்லாப் புத்தகங்களையும் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். படித்து அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லக் கூடிய புத்தகம் நிலைக்கட்டும்.